சர்குலர் நோட்டு புறப்பட்டாச்சு!

காலை பத்தே காலுக்கு ஒரு கல்லூரி அலுவலகத்தின் உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? போனஃபைடு சான்றிதழுக்காக ஜன்னல் கம்பிக்கு வெளியே கால்கடுக்க நின்ற கதையைக் கேட்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம், இரும்பு பீரோக்களுக்கு நடுவே, சூப்பிரண்ட் மேஜைக்கு எதிரே! அங்கே நின்றால்தான் தெரியும், ஒரு கல்லூரி தன் ஆட்களோடு எப்படிப் பேசிக்கொள்கிறது என்று. வகுப்பில் நடக்கிற பேச்சு தெரு வரைக்கும் கேட்கும். இந்தப் பேச்சு வாசல் தாண்டாது. எனக்கோ இதைக் கேட்பதில்தான் அப்படி ஒரு குதூகலம்!

விருதுநகர் மாவட்டத்துச் சோழபுரத்துக்காரர்களுக்குக் கல்லூரி என்றால் ஒன்று ராஜபாளையம், இல்லையென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிக் கிருஷ்ணன்கோவில். 1963இல் வந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக், 1973இல் தொடங்கிய ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி, பெண்களுக்கென்று ஏ.கே.டி. தர்மராஜா கல்லூரி, 1984இல் பொறியியல் கல்லூரியாகப் பிறந்து இன்று பல்கலைக்கழகமாக நிற்கும் கலசலிங்கம் என்று சாலை நெடுகப் படிப்புதான். காலை பஸ்ஸில் புத்தகப் பைகள் மட்டுமா ஏறுகின்றன? பேராசிரியர், லேப் அசிஸ்டென்ட், பதிவறை எழுத்தர், மைதானத்து மார்க்கர், நூலக உதவியாளர், தோட்டக்காரர், துப்புரவு வேலை பார்க்கிற அக்கா என்று அத்தனை பேரும் ஏறுகிறார்கள். இவ்வளவு பேருக்கும் ஒரு சேதியை ஒரே நாளில் சொல்லி முடித்தாக வேண்டும். அது எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் உள்ளே கூப்பிடுகிறேன். நான் சொல்லப்போவது ஒரு குறிப்பிட்ட கல்லூரியின் கதை அல்ல. இந்தப் பக்கத்தில் எந்தக் கல்லூரி ஆபீஸில் வேலை பார்த்தவரைக் கேட்டாலும், "அட, எங்க ஆபீஸும் இப்படித்தான்" என்பார்.

முதலில் நோட்டு. நீளமாக, தடித்த அட்டை போட்டு, முதுகில் துணி ஒட்டிய சர்குலர் நோட்டு. உள்ளே இன்றைய சுற்றறிக்கை. 'ந.க. எண்' என்று தொடங்கி, 'பொருள்', 'பார்வை' என்று இறங்கி, 'தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்' என்று முடியும். கீழே 'ஒம்/- முதல்வர்'. அதற்கும் கீழே துறைகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துப் போட ஒரு கோடு. அந்தக் கோடுகளில்தான் நாடகமே இருக்கிறது! துறைத்தலைவர் போட்ட பிறகுதான் அடுத்தவர் பேனாவைத் திறப்பார். சிலர் பச்சை மையில் போடுவார்கள். சிலர் தேதியோடு, சிலர் நேரத்தோடு. கையெழுத்துக்குப் பக்கத்தில் 'பி.ப. 3.40' என்று பொடியாக எழுதியிருந்தால் என்ன பொருள் தெரியுமா? மூன்று மணிக் கூட்டத்துக்கான அறிவிப்பு என் கைக்கு வந்ததே மூன்று நாற்பதுக்குத்தான், நான் வராததற்கு என்னைக் கேட்காதீர்கள்! ஒரு முழு விளக்கக் கடிதத்தை இரண்டு எண்களில் எழுதி முடித்துவிட்டார். பழைய சர்குலர் நோட்டுகளைப் புரட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தால் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். கல்லூரியின் உண்மையான வரலாறு ஆண்டு மலரில் இல்லை, அங்கே இருக்கிறது.

அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறாரே, அவர்தான் என் கதாநாயகர். ஒரு காலத்தில் பியூன், பிறகு அட்டெண்டர், இப்போது தாளில் அலுவலக உதவியாளர், வளாகத்தில் எப்போதும் 'அண்ணே'. எந்த சார் இரண்டாவது ஹவரில் நூலகத்தில் இருப்பார், எந்த மேடம் வகுப்பு முடிந்ததும் கேன்டீனுக்கு டீ குடிக்கப் போவார், இன்று யாரிடம் மதியத்துக்கு மேல் போவது நல்லது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. டைம் டேபிள் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. மனிதர்களின் டைம் டேபிள் அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் நோட்டை நீட்டும்போது சும்மாவும் நீட்டமாட்டார்.

"மேடம், நாளைக்கு இன்டெர்னல் டெஸ்ட். ரெண்டாவது மாடி உங்களுக்கு. இங்கன ஒரு கையெழுத்து."

"நாளைக்கு நான் சி.எல். எழுதிக் குடுத்திருக்கேனே அண்ணே!"

"தெரியும் மேடம். அதான் முதல்ல உங்ககிட்ட கொண்டாந்தேன். இப்பவே ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க. நோட்டு இன்னும் மேத்ஸுக்குப் போகல."

பார்த்தீர்களா! தாளில் இருந்ததையும் கொண்டுவந்தார், தாளில் இல்லாததையும் கொண்டுவந்தார். போகிற வழியில் ஒரு சிக்கலையும் அவிழ்த்துவிட்டார். திரும்பி வரும்போது வெறும் கையோடு வருகிறாரா என்றால் அதுவும் இல்லை. எந்தத் துறை முகம் சுளித்தது, எங்கே சிரித்தார்கள், எந்த வரி யாருக்கும் புரியவில்லை என்பதெல்லாம் சூப்பிரண்ட் மேஜைக்கு வந்து சேரும். நல்ல முதல்வர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்பார்கள். சேதி மேலிருந்து கீழே போவது சுலபம். கீழிருந்து மேலே போவதற்குப் பல கல்லூரிகளில் இருக்கிற ஒரே வழி இந்த அண்ணன்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் கையில் கொடுக்கிற தாள் எப்படித் தயாரானது என்பதும் கேட்க வேண்டிய கதை. ஜெராக்ஸ் மெஷின் வருவதற்கு முன் சைக்ளோஸ்டைல்தான். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டரில் மாட்டி, ரிப்பனை விலக்கிவிட்டு அடிப்பார்கள். எழுத்து மெழுகைக் கீறும், கீறிய வழியாக மை இறங்கும். தப்பு விழுந்தால் ஒரு சொட்டு கரெக்ஷன் திரவம் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, அதன் மேலேயே மறுபடி அடிக்க வேண்டும். பிறகு உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் தாள் தாளாக வந்து விழும். ஹங்கேரியில் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய டேவிட் கெஸ்டெட்னர் பெயர் அந்த மெஷினின் நெற்றியில் பொறித்திருக்கும். அந்த அறைக்குள் நுழைந்தவர் விரல் நுனி கறுக்காமல் வெளியே வந்ததில்லை!

டைப்ரைட்டர் மட்டும் லேசுப்பட்டதா? இந்தியாவிலேயே செய்த முதல் டைப்ரைட்டரை கோத்ரெஜ் 1955இல் கொண்டுவந்தது. 2009இல் தயாரிப்பை நிறுத்தும்வரை எத்தனையோ கல்லூரி ஆபீஸ்களில் அதன் சத்தம்தான். தமிழ்த் தட்டச்சுக்கு யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த இரா. முத்தையாவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர் கண்ட முறையில் 'க்' அடிக்க வேண்டுமானால் முதலில் புள்ளி, பிறகு 'க'. புள்ளி விசையைத் தட்டினால் உருளை நகராது, அந்த இடத்திலேயே எழுத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். நகரா விசை என்று தட்டச்சு வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். கையால் எழுதும்போது நாம் கடைசியில் வைக்கிற புள்ளியை ஆபீஸ் தட்டச்சர்கள் வாழ்நாள் முழுக்க முதலில் வைத்தார்கள். எனக்கு இதை நினைத்தாலே உற்சாகம் தாங்காது!

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, கூடவே எழுத்துரு ரகளையும் வந்தது. இந்த ஆபீஸில் பாமினியில் அடித்த சுற்றறிக்கையை அந்தத் துறைக் கணினியில் திறந்தால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரிசைகட்டி நிற்கும். வானவில்லில் அடித்தவர்களுக்கு அவர்கள் பாடு. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. அதன் பிறகும் பழைய விசைப் பழக்கத்தை விரல்கள் விடவில்லை. இன்றும் ஒருங்குறியில், ஆனால் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையில் பறக்கிற விரல்களைப் பார்க்கலாம்.

இப்போது வாட்ஸ்அப். அதிகாரபூர்வக் குழு ஒன்று, அதில் அட்மின் மட்டும் பேசலாம். அரட்டைக் குழு இன்னொன்று, அதில் எல்லாரும் பேசலாம். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு "நாளை காலை 9.30க்கு அனைவரும்" என்று வந்தால் கட்டைவிரல்கள் சடசடவென்று விழும். வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அந்த வேகத்தை ரசிக்க வேண்டுமானால் ஆடிப்பூரத்துக்கு முந்தைய நாட்களில் வர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரோட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். செய்திக்குறிப்பு வெளிவந்த நிமிஷத்தில் அது சோழபுரம் தொட்டு விருதுநகர் வரைக்கும் எல்லா ஃபோனிலும் இருக்கும். கல்லூரி சுற்றறிக்கை நிதானமாக மறுநாள் வரும், 'ஈடுசெய்யும் வகையில் சனிக்கிழமை வேலைநாள்' என்ற வரியோடு. அந்தச் சனிக்கிழமையை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்திருக்க மாட்டார்கள்!

ஆனால் ஃபோன் எல்லாரையும் எட்டுவதில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். கலசலிங்கத்தில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே தனியாகப் பொறியியல் வகுப்புகள் நடக்கின்றன. அங்கே ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பை முழங்கிவிட்டு 'சொல்லியாச்சு' என்று உட்கார முடியுமா? எழுத வேண்டும், கையசைவில் சொல்ல வேண்டும், முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். அதேபோல் பட்டன் ஃபோன் வைத்திருக்கும் துப்புரவு அக்காவுக்கு அந்த அதிகாரபூர்வக் குழுவில் இடமே இல்லை. சொன்னதற்கும் சேர்ந்ததற்கும் நடுவே இருக்கிற தூரத்தை யாராவது ஒருவர் நடந்து கடந்தாக வேண்டும்.

இனி செய்திமடலுக்கு வருவோம்! என் மனசுக்கு ரொம்பப் பிடித்த இடம். சுற்றறிக்கை வேலை சொல்லும், செய்திமடல் ஆட்களைச் சொல்லும். கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு 1994இல் வந்தது. அதன் வழியே ஐ.க்யூ.ஏ.சி. என்ற உள்தரக் குழு கல்லூரிகளுக்குள் வந்தது. என்ன செய்தோம் என்பதற்கு ஆவணம் வேண்டும் என்றானதும் செய்திமடல்கள் பெருகின. ஆகவே நான்கு பக்கமோ எட்டுப் பக்கமோ, மூன்று மாதத்துக்கு ஒன்று.

அதைத் தயாரிக்கிற அறையைப் பார்க்க வேண்டுமே! மேஜை முழுக்க ஒவ்வொரு துறையும் அனுப்பிய படங்கள். எல்லாப் படத்திலும் ஒரு பேனர், அதன் முன்னால் ஒரு பொன்னாடை, இரண்டு பக்கமும் பன்னிரண்டு பேர். முகம் ஒரு ரூபாய்க் காசளவுதான் வரும், ஆனால் யாரையும் வெட்ட முடியாது. பெயருக்கு முன் 'முனைவர்' விட்டுப்போனால் அடுத்த மூன்று மாதம் படியேற முடியாது. யார் பெயர் முதலில் என்பதற்கு ஒரு பணிமூப்புப் பட்டியல் பக்கத்திலேயே இருக்கும். தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையோடு ஒற்று தேடிக்கொண்டிருப்பார். கணினித்துறை இளைஞர் பக்கம் கட்டிக்கொண்டே, "சார், இதுக்கு மேல ஒரு வரி சேர்த்தாலும் ஓடிரும்" என்பார். சேர்ப்பார்கள். ஓடும். மறுபடி கட்டுவார்.

அச்சடிக்க எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாத ஊர்க்காரர்கள் நாம். சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது! 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது, அங்கிருந்து வளர்ந்ததுதான் நாட்டுக்கே காலண்டர் அடிக்கிற ஊர். நமக்குக் கிடைத்த பெரிய வரம் அது. சிக்கல் என்னவென்றால் நம் எட்டுப் பக்கம் அந்தக் கடலுக்குள் போய்த் தன் முறைக்காக நிற்க வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதன் பிறகு தை பிறக்கும்வரை மெஷின்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஐப்பசியில் கல்லூரி ஆள் போய், "அண்ணாச்சி, நம்ம செய்திமடல்..." என்று இழுத்தால், "சார், முருகர் ஓடிட்டிருக்கார், முடியட்டும்" என்பார்கள். அறுபடை முருகன் பல வண்ணத்தில் ஆயிரக்கணக்கில் மெஷினிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பார். அவர் இறங்கிய பிறகு நம் விலங்கியல் துறைக் கருத்தரங்கு ஏறும்!

கட்டு வந்து சேர்கிற நாளைக் கண்ணால் பார்க்க வேண்டும். சணல் கயிறை அறுத்த உடனே வாங்குகிறவர்கள் எல்லாரும் செய்வது ஒரே வேலை. தன் பெயரைத் தேடுவார்கள். பேராசிரியரும் தேடுவார், டிரைவரும் தேடுவார். பெயர் இருந்தால் வீட்டுக்குப் போகும். இல்லையென்றால் மேஜையிலேயே கிடக்கும். செய்திமடலின் விதி அந்த அரை நிமிஷத்தில் முடிவாகிவிடுகிறது. இது அற்பத்தனம் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன். முப்பது வருஷம் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட மார்க்கரின் பெயர் ஒரு முறையாவது அச்சில் வர வேண்டாமா?

ராஜபாளையம் மாதிரியே ஒரு பஞ்சாலை ஊர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லோவெல். அங்கே 1840இல் ஆலைப் பெண்களே எழுதிய பத்திரிகை ஒன்று வந்தது, 'லோவெல் ஆஃபரிங்' என்று பெயர். தினமும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தறியடியில் நின்றவர்கள் இரவில் கதையும் கவிதையும் கட்டுரையும் எழுதினார்கள். ஹாரியட் ஃபார்லி, ஹாரியட் கர்டிஸ் என்ற இரு ஆலைப் பெண்களே பின்னர் ஆசிரியர்கள் ஆனார்கள். 1842இல் அந்த ஊருக்கு வந்த சார்லஸ் டிக்கன்ஸ் அதன் நானூறு பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்ததாகத் தன் பயண நூலில் பாராட்டி எழுதினார். எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் 1845இல் சாரா பேக்லி என்ற தொழிலாளி எழுந்து, ஆலையின் குறைகளைச் சொல்லும் என் கட்டுரைகளை இந்தப் பத்திரிகை போட மறுத்தது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். பத்து மணி நேர வேலை கேட்டுப் பெண்கள் திரண்டுகொண்டிருந்த நேரம் அது. அந்த ஆண்டே பத்திரிகை நின்றுபோனது.

செய்திமடல் போடுகிற ஒவ்வொரு கல்லூரியும் இந்தக் கதையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. பொன்னாடைப் படம் இருக்கட்டும், கூடவே குறை சொல்ல ஒரு பத்தி இருக்கட்டும். அப்போதுதான் அதை ஆட்கள் நம்பிக் கையில் எடுப்பார்கள்.

இப்படி ஒரு செய்திமடலின் தேவை மிக அதிகமாக இருக்கிற இடம் சமுதாயக் கல்லூரி. 1901இல் இலினாய் மாநிலத்து ஜோலியட்டில் பிறந்த எண்ணம் அது. இந்தியாவில் முதலில் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும், அடுத்த ஆண்டு சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் முயற்சியில் சென்னையிலும் கால் ஊன்றியது. இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் அதை ஒரு இயக்கமாக வளர்த்தார். 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தன் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊரில் என்ன தொழில் நடக்கிறதோ அதைக் கற்றுத்தருவதுதான் அங்கே பாடம். சொல்லித்தருபவர்களில் பலர் தொழிலிலிருந்தே வருகிறவர்கள். நம் பக்கத்தில் அப்படி ஒன்று என்றால் யார் வந்து சொல்லித்தருவார்? சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிக்காரர், மில் ஃபிட்டர், ஆஸ்பத்திரி நர்ஸ், பவர் மெஷின் தையல்காரர். வாரத்தில் இரண்டு மாலை வந்து பாடம் சொல்லிவிட்டு ஏழரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற இவர்களுக்கு ஸ்டாஃப் ரூமில் நாற்காலி இல்லை. பூட்டிய கண்ணாடிக்குள் இருக்கும் நோட்டீஸ் போர்டை அவர்கள் பார்ப்பதும் இல்லை. சர்குலர் நோட்டு சுற்றுகிற நேரத்தில் அவர்கள் தறியடியில் நிற்பார்கள். அவர்கள் பையில் வைத்து எடுத்துப்போகக்கூடியது ஒரே ஒரு தாள்தான்.

அந்தத் தாளில் என்னவெல்லாம் போடலாம் என்று நினைத்தாலே கை துறுதுறுக்கிறது! தையல்காரரைப் பேசச் சொல்லி, அவர் பேச்சிலேயே எழுதிப் போடலாம். மே 31ஆம் தேதி ஓய்வு பெறப்போகிற சூப்பிரண்ட் தன் பீரோச் சாவிக் கொத்தில் எந்தச் சாவி எதற்கு என்று ஒரு பக்கம் எழுதலாம். அந்த அறிவு அவரோடு போய்விட்டால் கல்லூரி ஆறு மாதம் தவிக்கும். வாட்ச்மேன் ராத்திரியில் வளாகத்தில் பார்க்கிற பறவைகளைப் பற்றிச் சொல்வதை விலங்கியல் துறை கேட்டு எழுதலாம். சம்பள பில் மதுரையில் கல்லூரிக் கல்வி இணை இயக்குநரின் ஜே.டி. ஆபீஸில் எந்த மேஜையில் நிற்கிறது என்று ஒரே ஒரு வரி போட்டாலும் போதும், அந்த இதழை யாரும் தவறவிட மாட்டார்கள். குறைப் பத்தியில், பெண் பணியாளர் ஓய்வறையில் குழாய் ஒழுகுகிறது என்று துப்புரவு அக்கா சொன்னால், அவர் பெயர் போடுவதா வேண்டாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு, முதல் இதழில் அப்படியே அச்சாக வேண்டும். அடுத்த இதழில் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் பதில் வர வேண்டும்: குழாய் மாற்றியாச்சா, என்றைக்கு மாற்றினார்கள், வந்து மாற்றிய பிளம்பர் யார், எந்த ஊர் என்பது வரை.